நாலு குப்பி

பால் நிலையத்தில் அவளுக்கு மூக்கு என்றுதான் பெயர். முகத்துக்கு நேரே மூக்கு அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் மூக்கு. தையல்காரரின் மனைவி என்று அவளை யாரும் சொன்னதில்லை. தையல்காரரைத்தான் மூக்கு வீட்டுக்காரர் என்பார்கள். அதில் அவருக்கு வருத்தம் கிடையாது. லாரி ஏறி ஒரு கால் முடங்கிப் போனதிலிருந்து அவர் வாசலைத் தாண்டுவது அபூர்வம். நான் வீட்டுக்குள்ளே கிடந்தாலும் என் பெண்டாட்டி மூக்கு ஊருக்குள்ளே நடமாடுதே என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார்.

அவள் வேலை இதுதான். விடிந்தும் விடியாமல் மாடு வைத்திருப்பவர்களின் பால் கேன்கள் வண்டி வண்டியாக வந்து சிமெண்ட் மேடையில் இறங்கும். அவள் ஒவ்வொரு கேனாக மூடியைக் கழற்றி, மூடியின் உட்புறத்தை மூக்கருகே கொண்டுபோவாள். வாடை பாலில் இருப்பதைவிட மூடியில்தான் அதிகம் தங்கும். ஒரே மூச்சு. சாக்கட்டியால் கேனின் தோளில் ஒரு கோடு போட்டால் பால் தொட்டிக்குப் போகும். பெருக்கல் குறி போட்டால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். உள்ளே ஆய்வுக்கூடம் என்று ஒன்று உண்டு. அங்கே கொழுப்பு பார்ப்பார்கள், தண்ணீர் பார்ப்பார்கள், புளிப்பு பார்ப்பார்கள். நேற்று அந்தக் கேனில் மண்ணெண்ணெய் இருந்ததா, பினாயில் ஊற்றிக் கழுவியவர்கள் அலசாமல் விட்டார்களா என்பதை எந்தக் கண்ணாடிக் குழாயும் சொல்லாது. அதை அவள் சொல்வாள். ஒருமுறை, "இந்த மாடு பூண்டு தின்னிருக்கு" என்று ஒரு கேனைத் திருப்பிவிட்டாள். மாட்டுக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மறுநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, மாடு கட்டை அவிழ்த்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்தில் மேய்ந்ததை ஒப்புக்கொண்டார்.

மேடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. மூடி பார்க்கிறவர் வேலை முடிந்ததும் தொட்டிக் குழாயிலிருந்து ஒரு தூக்குப் பால் பிடித்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சலுகை. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், அது ஒரு கிடுக்கிப்பிடி. ஊருக்கு அனுப்புவதை முதலில் உன் வீட்டில் குடித்துக் காட்டு என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷம் அந்தத் தூக்குப் பாலைத்தான் அந்த வீடு குடித்தது. மகள் அதைக் குடித்துத்தான் வளர்ந்து, கல்யாணமாகித் தூரத்துக்குப் போனாள்.

பிறகு அவளுக்கு ஒரு ஜுரம் வந்தது. ஐந்து நாள் படுத்தாள். ஆறாம் நாள் எழுந்து மேடைக்குப் போனாள். முதல் கேன் மூடியைக் கழற்றி முகர்ந்தாள். மூடியில் ஒன்றும் இல்லை. பால் இல்லை, தகரம் இல்லை, தன் கை வேர்வைகூட இல்லை. இரண்டாவது மூடி, மூன்றாவது மூடி. வரிசையில் நின்ற வண்டிக்காரர்கள், "என்னக்கா, இன்னைக்கு மூடியைத் தின்னுடுவீங்க போல" என்று கேலி செய்தார்கள். அவள் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், எனக்கு மூக்கு போயிடுச்சு. வேற ஆளைப் போடுங்க."

வேறு யாராவதாக இருந்தால் நாலு நாள் மறைத்திருப்பார்கள். இவள் ஒரு மணி நேரம் மறைக்கவில்லை. அதனால்தான் மேனேஜர் அவளை வீட்டுக்கு அனுப்பாமல் கேன் கழுவுகிற இடத்தில் போட்டார். மூக்கு வந்ததும் வா, மேடை உனக்காகத்தான் காத்திருக்கும் என்றார்.

காது மூக்கு தொண்டை டாக்டரம்மா அவள் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். தையல்காரர் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மூக்கு நல்லாத்தான் இருக்கு. உள்ளே வாசனையைப் பிடிக்கிற நரம்பு, ஜுரத்துல அடி வாங்கியிருக்கு" என்றாள் டாக்டரம்மா.

"மாத்திரை குடுங்க டாக்டர். ஊசின்னாலும் சரி."

"இதுக்கு மாத்திரை கிடையாதும்மா. பழக்கம்தான் மருந்து. ஒடஞ்ச காலை நடக்கப் பழக்குற மாதிரி மூக்கைப் பழக்கணும். நாலு சின்னக் குப்பி எடுத்துக்கோங்க. ஒண்ணுல ரோஜா, ஒண்ணுல எலுமிச்சை, ஒண்ணுல கிராம்பு, ஒண்ணுல யூகலிப்டஸ் தைலம். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒவ்வொண்ணையும் இருபது எண்ணுற வரைக்கும் மெதுவா மோந்து பார்க்கணும். மோக்கும்போது அந்த வாசனை முன்னே எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டே மோக்கணும்."

"எத்தனை நாளைக்கு?"

"ஆறு மாசமாவது. வரலாம். வராமலும் போகலாம். வரும்போது முதல்ல கோணல்மாணலா வரும். நல்லது கெட்டதா நாறும். பயப்படாதீங்க. வாரத்துக்கு ஒரு நாள் கண்ணை மூடிக்கிட்டு யாரையாவது பிடிக்கச் சொல்லிச் சோதிச்சுப் பாருங்க. தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லணும், தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். குருட்டாம்போக்குல அடிச்சு விடக் கூடாது." பிறகு தையல்காரரைப் பார்த்தாள். "நீங்கதானே பிடிக்கப் போறீங்க? பொறுமை வேணும்."

"எனக்கென்ன டாக்டர், உட்கார்ந்த இடத்துல வேலை" என்றார் தையல்காரர்.

அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணி தைத்துக் கொடுப்பவர். படுக்கை விரிப்பு, தலையணை உறை, குழந்தைகள் வார்டுக்கு முதுகில் நாடா கட்டுகிற சின்னச் சின்ன அங்கி. முன்னறை முழுக்க வெள்ளைத் துணிதான். ஒரு கால் மட்டும் மிதிக்கிற மெஷின் சத்தமும், பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரி பெட்டியை மேஜையில் தொம்மென்று வைக்கிற சத்தமும்தான் பகல் முழுக்க அந்த வீட்டில் கேட்கும். நடுச்சுவர் ஒற்றைக்கல் சுவர். இங்கே தும்மினால் அங்கே "நூறு வயசு" என்பாள் அவள்.

முதல் மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வாரத்துக்கு ஒரு நாள் என்று டாக்டரம்மா சொன்னதை இவள் தினமும் ஆக்கிக்கொண்டாள். சாயங்காலம் கேன் கழுவிய கையோடு வந்து உட்கார்ந்து கண்ணை மூடுவாள். அவர் ஒரு குப்பியைத் திறந்து மூக்கருகே பிடிப்பார். இருபது எண்ணுவார்.

"தெரியல."

அடுத்தது.

"தெரியல."

"ரோஜா இது."

"தெரியலைன்னா தெரியல. நீங்க எதுக்கு ரோஜாங்கிறீங்க?"

சாப்பாடு பிடிக்காமல் போனது. ரொட்டியைக் கடித்துவிட்டு, பஞ்சைத் தின்னுற மாதிரி இருக்கு என்று வைத்துவிடுவாள். முட்டை வழவழப்பு, சோறு ஈரம், அவ்வளவுதான் நாக்குக்குத் தெரிந்தது. தோள் எலும்பு ரவிக்கைக்கு வெளியே துருத்திக்கொண்டு வந்தது. ஒருநாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கருகியது. அவள் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இஸ்திரிக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"என்னக்கா, தெருக்கோடி வரைக்கும் நாறுது! நின்னுக்கிட்டே தூங்குறீங்களா?"

அவள் கருகிய பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்து முடித்ததும் தையல்காரர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவர் சட்டைத் தோளில் முகத்தை வைத்தாள்.

"உங்க வாசனையும் தெரியலைங்க" என்றாள். "மெஷின் எண்ணெயும் வேர்வையும் கலந்து ஒண்ணு அடிக்குமே. கல்யாணமான புதுசுல அது எனக்குப் பிடிக்காது. இப்ப அதுகூட இல்ல. நீங்க இருக்கீங்களா இல்லையான்னே சந்தேகமா இருக்கு. நான் செத்துட்டேன், எனக்குத்தான் இன்னும் யாரும் சொல்லலைன்னு தோணுது."

முப்பது வருஷத்தில் அவள் அழுது அவர் பார்த்தது இரண்டு தடவை. மூன்றாவது தடவை பார்க்க அவருக்குத் திராணி இல்லை.

மறுநாள் சாயங்காலம் எலுமிச்சைக் குப்பியைப் பிடித்தார். அவள் இருபது எண்ணுகிறவரைக்கும் மூச்சை இழுத்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"ஏதோ இருக்கிற மாதிரி இருக்கு. நிழல் மாதிரி. கிராம்பா?"

தையல்காரர் கையில் இருந்த எலுமிச்சைக் குப்பியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"சரியாச் சொன்ன" என்றார்.

அவள் கண்ணைத் திறப்பதற்குள் குப்பியை மூடிக் கைக்குள் பொத்திக்கொண்டார். அவள் சிரித்தாள். சின்னச் சிரிப்பு இல்லை, பல்லெல்லாம் தெரிய, மகள் பிறந்தபோது சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. "கிராம்பா! நிஜமாவா? மறுபடி பிடிங்க, மறுபடி பிடிங்க" என்றாள். அன்றைக்கு இரண்டு ரொட்டி தின்றாள்.

ஒரு தடவையோடு விட்டுவிட வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். பொய்யில் அப்படி ஒரு தடவை என்பது கிடையாதே. மறுநாள் அவள் மேடைக்காரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினாள். தெரியல என்ற வார்த்தையே அவள் வாயிலிருந்து போய்விட்டது. ஏதோ ஒரு நிழலைப் பிடித்து ஒரு பெயரைச் சொல்வாள். நாலு தடவையில் ஒரு தடவை தானாகவே சரியாக விழும். மற்ற மூன்றையும் அவர் சரியாக்கினார். எல்லாமே சரி என்றால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே, "இல்ல, இது தைலம்" என்று ஒன்றைத் தப்பாக்கினார். அப்படி நடிக்கிற புத்தி தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே அசிங்கமாக இருந்தது. ஆனால் அவள் சாப்பிடுகிறாள், தோள் எலும்பு உள்ளே போகிறது, கேன் கழுவிவிட்டு வரும்போது தெருமுனையிலேயே அவள் குரல் கேட்கிறது. நம்பிக்கை இருந்தால் நரம்பும் பிழைக்கும், நிஜம் பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்ளும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இஸ்திரிக்காரி ஒருநாள் துணி மூட்டையோடு வந்தபோது அந்த வேடிக்கையைப் பார்த்தாள். அவர் கையில் ரோஜாக் குப்பி. மூக்கு கண்ணை மூடியபடி "எலுமிச்சை" என்றாள். அவர் "சரியாச் சொன்ன" என்றார். இஸ்திரிக்காரி வாயைத் திறந்தாள். தையல்காரர் அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

மூக்கு உள்ளே போனதும், "அண்ணே, இது நல்லாவா இருக்கு?" என்று கிசுகிசுத்தாள்.

"அவ ரெண்டு வாய் சாப்பிடுறா. அது உனக்குப் பொறுக்கலையா?"

"எனக்கென்ன வந்துச்சு. மேடையில குப்பியா பிடிப்பாங்க?"

அந்தக் கேள்வியை அவர் காதில் வாங்காதவர் போல மெஷினை மிதித்தார்.

அந்தப் பொய் தொடங்கி நாற்பதாவது நாள் சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"நாளைக்கு மேடை ஏறுறேங்க."

நூல் அறுந்தது. அவர் ஊசியில் நூல் கோர்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன அவசரம்? டாக்டரம்மா ஆறு மாசம்னு சொன்னாங்களே."

"அது வராதவங்களுக்கு. எனக்குத்தான் வந்துடுச்சே. மேனேஜர் கிட்டச் சொன்னேன். டாக்டர் சீட்டு வேணுமா சார்னு கேட்டேன். இருபத்திரண்டு வருஷம் நீ சொன்னதை நம்பித்தானே பால் அனுப்பினேன், இதுக்கு மட்டும் சீட்டு எதுக்குன்னுட்டார்."

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே."

"ஏன்? உங்களுக்குச் சந்தேகமா?"

இதுதான் நேரம் என்று அவருக்குத் தெரிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் சாக்கட்டி ஒன்றை மடியிலிருந்து எடுத்து, உடையாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுச் சாக்கட்டி.

"சந்தேகம் என்ன" என்றார். "கால் வலிக்குமேன்னு பார்த்தேன். நின்னுக்கிட்டே இருக்கணுமே."

அவள் சிரித்தாள். "கால் உங்களுக்குத்தானே போச்சு, எனக்கா போச்சு?"

மறுநாள் காலையில் இருந்து அவருக்கு வேலை ஓடவில்லை. குழந்தைகள் வார்டு அங்கி முப்பது மாலைக்குள் முடிய வேண்டும். ஒரு அங்கியில் கை வைக்கிற இடத்தில் நாடாவை வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தார். மழை வரும்போல் மூடிக்கொண்டு புழுக்கமாக இருந்தது. ஒன்றும் ஆகாது, எல்லாப் பாலும் நல்ல பாலாகத்தான் வரும், தினமுமா மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்று வாய்விட்டே சொன்னார். பதினொன்றரை மணிக்குத் தெருமுனையில் அவள் குரல் கேட்டது. யாரிடமோ சிரித்துக்கொண்டு வந்தாள். கையில் தூக்கு.

"அறுபத்திரண்டு கேன்! ஒண்ணைக்கூடத் திருப்பலைங்க. எல்லாம் தேன் மாதிரி இருந்துச்சு. வண்டிக்காரங்க எல்லாம் அக்கா வந்துட்டாங்கன்னு கை தட்டினாங்கன்னா பாருங்களேன். முதல் டம்ளர் உங்களுக்குத்தான்."

தூக்கின் மூடியைக் கழற்றினாள். முன்னறை முழுக்க ஒரு நெடி பரவியது. மாட்டுக்கு உண்ணி உதிரப் பூசுகிற மருந்தின் நெடி. மூக்கின் உள்ளே கீறுகிற மாதிரி. மழைக்காலம் வந்தால் மாட்டுக் கொட்டகைகளில் அந்த மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் கையில் கிடைக்கிற பாத்திரத்தில் வைத்துக்கொள்வார்கள். யாரோ பால் கேன்களிலேயே கலக்கிவைத்து, கழுவாமல் கறந்து ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

அவள் தூக்குக்கு மேல் குனிந்து, மூச்சை ஆழமாக இழுத்து, கண்ணை மூடிப் புன்னகை செய்தாள். பிறகு டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

அவர் வாங்கினார். கை தானாகத்தான் வாங்கியது. நாற்பது நாள் பழக்கம். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். அவர் ஒரு மடக்குக் குடித்தார். தொண்டை எரிந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றார்.

அப்போதுதான் மடியில் கிடந்த அங்கி கண்ணில் பட்டது. ஒரு முழம்கூட இல்லை. மூன்று வயசுக் குழந்தைக்கு அளவெடுத்தது.

"இந்தப் பால் எங்க போகும்?" என்றார்.

"எங்க போகும்? எப்பவும் போற இடம்தான். ரெண்டு மணிக்கு வண்டி. முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் கடைங்க. ஏன், குடிங்களேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். மெஷின் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"பால்ல மருந்து இருக்கு. உண்ணி மருந்து. நெடி அடிக்குது."

"என்ன சொல்றீங்க? நல்லா இருக்குன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"நல்லா இல்ல. போன் பண்ணு. வண்டியை நிறுத்தச் சொல்லு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. பால் வாசனைதானே அடிக்குது. நான் மோந்தேனே, ஒவ்வொரு மூடியா மோந்தேனே."

"உனக்கு மூக்கு வரலைம்மா."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"வரவே இல்ல. ஒரு நாளும் வரல. நீ கிராம்புன்னு சொன்ன அன்னைக்கு என் கையில இருந்தது எலுமிச்சை. நான்தான் சரின்னு சொன்னேன். அப்புறமும் நான்தான் சொன்னேன்."

"நாப்பது நாளுமா?"

"நாப்பது நாளும்."

"ஒண்ணுகூடவா நான் சரியாச் சொல்லல?"

"சிலது விழுந்துச்சு. சீட்டுக் குலுக்கிப் போட்டா விழற மாதிரி."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. அவள் டம்ளரை எடுத்தாள், மூக்கருகே கொண்டுபோனாள், இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பிறகு டம்ளரை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். மேனேஜர் எடுக்கவில்லை. மேடையிலும் யாரும் எடுக்கவில்லை, சாப்பாட்டு நேரம். சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"உன் சைக்கிளை எடுத்துக்கிறேன்!"

"எடுத்துக்கோங்கக்கா" என்று அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது. இஸ்திரிக்காரி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

தையல்காரர் தூக்கை எடுத்துக்கொண்டு கைத்தடியை ஊன்றிப் பின்னாலேயே கிளம்பினார். பத்து நிமிஷ நடை அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வழியில் ஒருமுறை சாக்கடை ஓரமாக நின்று வாந்தி எடுத்தார். நிலையத்து வாசலை அடைந்தபோது தொட்டியின் அடிக்குழாய் திறந்திருந்தது. பால் வெள்ளைவெளேரென்று வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழாயின் பக்கத்தில் நின்றாள். சுற்றி மேடை ஆட்கள், வண்டிக்காரர்கள், கேன் கொண்டுவந்த மாட்டுக்காரர்கள். அவர்களுடைய ஒரு நாள் உழைப்பு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தர், "எங்க வீட்டுப் பால்ல என்ன குத்தம் இருந்துச்சு? அதையும் சேர்த்துக் கொட்டுறாங்களே" என்று அழாத குறையாகக் கேட்டார்.

மேனேஜர் குழாயில் வழிந்த பாலைக் கையில் பிடித்து முகர்ந்து முகத்தைச் சுளித்தார். கேன்களைத் தொட்டியில் கவிழ்க்கிறவனைப் பார்த்து, "இவளுக்குத்தான் இல்ல, உனக்குமா மூக்கு இல்ல? நீதானே கவிழ்த்த?" என்றார்.

"நெடி அடிச்சுது சார். எட்டு கேன்ல அடிச்சுது. ஆனா அக்கா கோடு போட்டிருந்தாங்களே. அக்கா கோடு போட்டா அப்புறம் நான் என்ன சார் மோந்து பார்க்கிறது?"

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "மூக்கு வந்துடுச்சுன்னு சொன்னியே?"

"வந்துடுச்சுன்னு நினைச்சேன் சார். வரல."

"யாரு சோதிச்சாங்க?"

தையல்காரர் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

"நானேதான் சார்."

"சார்" என்று தையல்காரர் குரல் கொடுத்தார். "சார், அது வந்து, நான்தான்..."

"நீங்க யாருங்க? ஓரமாப் போங்க, வண்டி வருது" என்றார் மேனேஜர்.

அவர் ஓரமாகப் போனார். போயிருக்கக் கூடாது. தடியால் தரையைத் தட்டி இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ நாள் அந்த இடத்தில் மனசுக்குள் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்கு அன்றைக்குப் பால் போகவில்லை. வாய்க்காலில் நக்கிய இரண்டு நாய்களில் ஒன்று மறுநாள் காலையில் நிலையத்துச் சுவரோரம் விறைத்துக் கிடந்தது. மேனேஜர் அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. கேன் கழுவு, மேடைப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்றார். மூக்கு என்கிற பெயரும் போய்விட்டது. கேன்காரம்மா என்றார்கள். அவர் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அவள் டாக்டரைக் கூட்டி வந்தாள், வாளியைப் பக்கத்தில் வைத்தாள், எடுத்துக் கழுவினாள், கஞ்சி கொடுத்தாள். பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள்.

"அழுதா அழுதுட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாமே" என்றாள். "நான் அழறதை உங்களால பார்க்க முடியலைன்னு, என் வாயாலேயே பொய் சொல்ல வச்சுட்டீங்களே."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எண்ணெய் தீர்ந்துவிட்டது, மழை வருகிறது துணியை எடுங்க, மகள் போன் பண்ணினாள். பேச்சு அவ்வளவுதான்.

குப்பிகளை மட்டும் அவள் விடவில்லை. அவர் கைக்குத்தான் இனி வேலை இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதி ஒட்டினாள். காலையும் சாயங்காலமும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடிக் குப்பிகளைக் கையால் கலைத்து, ஒன்றை எடுத்து முகர்வாள். "தெரியல" என்று தனக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். திருப்பி அடியைப் பார்ப்பாள். அடுத்தது. "தெரியல." முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் அதைக் கேட்டுக்கொண்டே தைப்பார். ஒரு நாளைக்கு எட்டு தெரியல. ஐந்து மாசம்.

ஒருநாள் சாயங்காலம் அவள் கடைப் பாலைச் சுடவைத்து டம்ளரில் ஊற்றினாள். வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். டம்ளரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். மறுபடி கிட்டக் கொண்டுவந்தாள். அவள் முகம் கோணியது.

"வெங்காயம்" என்றாள்.

தையல்காரரின் கால் மிதியில் நின்றது. மத்தியானம் அவர் வெங்காயம் வதக்கியிருந்தார். அதே கரண்டியைக் கழுவாமல், காய்ச்சிய பாலில் விட்டுக் கலக்கியதும் அவர்தான். அவள் அப்போது வேலையில் இருந்தாள், அவளுக்குத் தெரிய வழியே இல்லை. அவர் எழுந்து வந்து டம்ளரை முகர்ந்தார். லேசாக, ரொம்ப லேசாக, வெங்காய வாடை. சொல்ல ஆயிரம் வார்த்தை இருக்க, வாயிலிருந்து அதுதான் வந்தது.

"சரியாச் சொன்ன" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கண்ணில் நீர் இருந்தது. முதல் பொய் சொன்ன அன்றைக்கும் இருந்தது, அந்த நாற்பது நாளும் இருந்தது. அவள் டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி, ஒரு தட்டைப் போட்டு மூடிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"நிஜமா வெங்காயம்தான்மா. கரண்டியை நான்தான்..." என்றார் அவர். அதற்குள் செருப்புச் சத்தம் பக்கத்து வீட்டுப் படியில் கேட்டது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியைத் தொம்மென்று வைக்கிற சத்தம்.

"இதைக் கொஞ்சம் மோந்து பாரேன். என்ன வாடைன்னு நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

"என்னக்கா, கெட்டுப் போச்சா?"

"நீ மோந்து பாருன்னு சொல்றேன்."

டம்ளர் மேல் இருந்த தட்டை எடுத்து மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"வெங்காய வாடை அடிக்குதே" என்றாள் இஸ்திரிக்காரி. "அண்ணன்தான் கரண்டியைக் கழுவாம விட்டிருப்பாரு. ஏங்க்கா?"

"நல்லாப் பார்த்துச் சொல்லு. எனக்காகச் சொல்லாதே."

"உங்களுக்காக வெங்காயத்தைக் கொண்டுவந்து பால்ல போடுவாங்களாக்கும்? வெங்காயம்தான்க்கா. அக்கா... ஐயோ, அக்கா, ஏன் இப்படி அழறீங்க? இங்க உட்காருங்க. என்னக்கா, சிரிக்கிறீங்களா அழறீங்களா?"

அவள் சிரித்தாள். தையல்காரருக்கு அந்தச் சிரிப்பு தெரியும். நாற்பது நாள் பொய் சொல்லி வரவழைத்துப் பார்த்த சிரிப்பு, நிஜமாக வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் மெஷினை மிதிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.